கெண்டைக்காலில் 1210 லாரி முகம்: நட்சத்திரம் போடுவதா, 'டி' போடுவதா?

வேகத்தடை28:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் அப்பாரு (தாத்தா) வைத்திருந்த டாட்டா 1210 லாரி, அதாவது மூக்கு நீண்ட பழைய வண்டி, அதன் முகத்தைப் பச்சை குத்திக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். நாமக்கல்லில் பிறந்துவிட்டு லாரிப் பைத்தியம் இல்லாமல் இருக்க முடியுமா? வண்டியை எண்பதுகளிலேயே பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. மிச்சம் இருப்பது ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோவும் ஊர்க்காரர்கள் சொல்லும் கதைகளும்தான்.

கெண்டைக்காலா, முன்கையா என்று குழப்பமாக இருக்கிறது. போட்டோ மங்கலாக இருப்பதால் நெட்டில் ஒரு தெளிவான படம் எடுத்து வைத்திருக்கிறேன், பென்ஸ் எல் 312, பளபளவென்று. அதையே வரைபவரிடம் கொடுத்துவிடலாமா? முன்னால் பென்ஸ் நட்சத்திரம் பெரிதாக வரவேண்டும், அது மட்டும் உறுதி. வீட்டில் இன்றைக்கும் அதை "பென்ஸ் வண்டி" என்றுதான் சொல்வார்கள்.

பட்டறைப்பேரன்:
தம்பி, நீங்கள் போட்ட நெட் படத்தை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்கிறது? இடது பக்கம். அது ஜெர்மனியில் ஓடின வண்டி. அதைக் காலில் குத்திக்கொண்டு நாமக்கல் லாரி ஸ்டாண்டு பக்கம் போனால் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் முதல் டிரைவரே கேட்டுவிடுவார்.

இன்னொரு விஷயம். அந்தக் காலத்தில் பெரும்பாலும் கம்பெனியிலிருந்து வருவது சேஸிஸும் (அடிச்சட்டம்) முன் மூக்கும் மட்டும்தான். பானெட், கிரில், மட்கார்டு, விளக்கு, அவ்வளவே. ஜாம்ஷெட்பூர் டாட்டா ஆலையிலிருந்து ஒருவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பலகை மேல் உட்கார்ந்து, மேலே கூரையே இல்லாமல் ஓட்டி வருவார். கேபினும் பாடியும் நம்மூர்ப் பட்டறையில் ஆசாரிகள் கட்டியது. மரச்சட்டம், மேலே தகரம். எங்கள் தாத்தா திருச்செங்கோட்டில் அந்த வேலைதான் செய்தார். முன் கண்ணாடி எத்தனை துண்டு, கேபின் நெற்றி எவ்வளவு உயரம், மேலே பெயர்ப் பலகை நேராக இருக்குமா வளைந்திருக்குமா, இதெல்லாம் பட்டறைக்குப் பட்டறை மாறும். பழைய ஆட்கள் கேபினைப் பார்த்தே இது சங்ககிரி, இது திருச்செங்கோடு என்று சொல்லிவிடுவார்கள்.

அதனால் ஜெர்மன் படம் வேண்டாம். மூக்குக்கு வேண்டுமானால் அதைப் பார்த்துக்கொள்ளலாம். கேபின் உங்கள் போட்டோவில் இருப்பதுதான். எவ்வளவு மங்கலாக இருந்தாலும் சரி.

வேகத்தடை28:
ஐயோ, ஸ்டியரிங்கை நான் கவனிக்கவே இல்லை அண்ணா! சரி, போட்டோவை நல்ல ஸ்கேனரில் போட்டு எடுத்துப் பார்க்கிறேன்.

லேலண்ட்_வெறியன்:
எல்லாம் சரி, ஆனால் தமிழ்நாட்டுக்காரன் டாட்டாவைக் குத்திக்கொள்வதா? எண்ணூரில் பிறந்த வண்டி ஒன்று இருக்கிறதே! அசோக் மோட்டார்ஸ் 1948-ல் ஆஸ்டின் கார் அசெம்பிள் செய்யத்தான் ஆரம்பித்தார்கள். ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே லேலண்ட் காமெட் லாரி அசெம்பிள் செய்ய ஆரம்பித்து, 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயரும் மாறியது. காமெட், பீவர், ஹிப்போ, டஸ்கர் என்று பெயர்களே எவ்வளவு கம்பீரம்! 1210 என்பது ஒரு பெயரா? எண்.

வேகத்தடை28:
அண்ணா, அப்பாரு காமெட் வாங்கியிருந்தால் காமெட்டைக் குத்தியிருப்பேன். சண்டையை அவரோடு போடுங்கள். :)

மலைப்பாதை:
அந்த எண்ணுக்கும் அர்த்தம் உண்டு, லேலண்ட் தம்பி. 12 என்றால் லோடோடு சேர்ந்த மொத்த எடை ஏறத்தாழ 12 டன். 10 என்றால் ஏறத்தாழ 100 குதிரைசக்தி. பின்னால் வந்த 1612, 407 எல்லாம் அதே கணக்குதான். வால்பாறை ரோட்டில் 1210 மூச்சு வாங்கி ஏறும் சத்தத்தைக் கேட்டிருந்தால் அந்த நூறு குதிரையையும் ஒவ்வொன்றாக எண்ணியிருப்பீர்கள்.

அப்படியே ஒரு சந்தேகம். நட்சத்திரம், நட்சத்திரம் என்கிறாரே, வண்டி எந்த வருஷத்தது? டாட்டாவும் டெய்ம்லர் பென்ஸும் ஒப்பந்தம் போட்டது 1954. அது 1969-ல் முடிந்துபோனது. அதற்கப்புறம் நட்சத்திரம் கிடையாது, வட்டத்துக்குள் 'டி' எழுத்துதான். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வண்டியின் முகமும் பெரிதாக மாறவில்லை. அதனால்தான் ஜனங்கள் எழுபதுகளில் வந்த வண்டியையும் பென்ஸ் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆர்.சி. புத்தகம் இருக்கிறதா?

வேகத்தடை28:
பெரியப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கலாம். கேட்டுப் பார்க்கிறேன். இந்தக் கேள்வியே எனக்குப் பயமாக இருக்கிறது.

பழைய_ஸ்டியரிங்:
நான் ஓய்வு பெற்ற டிரைவர். நேஷனல் பெர்மிட்டில் நாக்பூர், கல்கத்தா எல்லாம் பார்த்தவன். ஒன்று கேட்கிறேன், கோபப்படக்கூடாது. அந்த வண்டியில் பவர் ஸ்டியரிங் கிடையாது. லோடு ஏற்றிக்கொண்டு வளைவில் திருப்பினால் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருக்கும். எஞ்சின் சூடு முழுக்க நம் காலில்தான் அடிக்கும். மே மாதம் ஆந்திராவில் போனால் செருப்போடு பாதம் வேகும். மலை ரோட்டில் இறங்கும்போது பிரேக்கை நம்பாமல் கியரை நம்பித்தான் இறங்குவோம். உங்கள் அப்பாருவும் அப்படித்தான் ஓட்டியிருப்பார். இதையெல்லாம் அனுபவித்த நாங்கள் யாரும் உடம்பில் லாரி படம் போட்டுக்கொள்ளவில்லை. உங்களுக்கு எதற்கு?

தார்ப்பாய்:
ஐயா, அனுபவித்தவர்களுக்கு அது வேலை. பேரனுக்கு அது அப்பாரு. இரண்டும் வேறு வேறு இல்லையா?

பழைய_ஸ்டியரிங்:
அதுவும் சரிதான். ஆனால் குத்திக்கொள்கிற ஆள் ஒரு தடவையாவது அந்த மாதிரி வண்டியில் உட்கார்ந்து பார்க்கட்டும். எங்கேயாவது போர்வெல் வண்டியாகவோ செங்கல் சூளை வண்டியாகவோ ஒன்றிரண்டு இன்னும் உயிரோடு இருக்கும். பானெட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

(அப்புறம் ஒரு உண்மை. என் வலது கையில் "முருகா" இருக்கிறது. பழனியில் தைப்பூசத்துக்குப் போனபோது ரோட்டோரம் மிஷின் வைத்துக் குத்தியது. எனவே பச்சையே கூடாது என்று நான் சொல்லவில்லை.)

இரவு_ஷிப்ட்:
ஐயா, அந்த ரோட்டோர மிஷினைப் பற்றித்தான் எனக்குப் பயம். நான் நர்ஸ். திருவிழாக் கூட்டத்தில் ஒரே ஊசியில் பத்துப் பேருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலை பி, சி இரண்டும், எச்.ஐ.வி.யும் பரவ வழி இருக்கிறது. வேகத்தடை தம்பிக்குச் சொல்கிறேன்: ஊசி சீல் பிரிக்காத பாக்கெட்டிலிருந்து உங்கள் கண் முன்னால் எடுக்கப்பட வேண்டும். மையை உங்களுக்கென்று தனிச் சின்ன மூடியில் ஊற்ற வேண்டும், மிச்சத்தைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றக்கூடாது. இதைக் கேட்டு முகம் சுளிக்கும் கடையாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சர்க்கரை இருக்கிறதா, முன்பு ஏதாவது காயம் ஆறி அந்த இடம் கட்டியாகத் தடித்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படித் தடிக்கும் உடம்பு என்றால் தோல் டாக்டரைக் கேட்காமல் போக வேண்டாம். ரத்ததானம் செய்கிறவராக இருந்தால், குத்திய நாளிலிருந்து ஓராண்டு கொடுக்க முடியாது. அதனால் குத்துவதற்கு முன்னால் ஒருமுறை கொடுத்துவிட்டுப் போங்கள்!

கேள்விக்குறி:
ராணுவத்துக்கு முயற்சி செய்கிற எண்ணம் இருந்தால் கெண்டைக்கால் வேண்டாம். முன்கையின் உட்பக்கமும் புறங்கையும் மட்டும்தான் பொதுவாக அனுமதி.

வேகத்தடை28:
எனக்கு 31 வயது, கோழிப்பண்ணை வைத்திருக்கிறேன். ராணுவம் என்னை எடுக்காது. :) ரத்தம் கொடுப்பதுண்டு, சிஸ்டர் சொன்னபடியே செய்கிறேன்.

ஊசியும்_மையும்:
நான் கோவையில் டாட்டூ வரைகிறவன். எங்கே குத்துவது என்று நிறையப் பேர் பேசுகிறீர்கள். அதைவிடப் பெரிய கேள்வி எதை விடுவது என்பது.

லாரி முகத்தில் கோடுகள் அதிகம். கிரில் கம்பி, விளக்கு வளையம், பானெட் மடிப்பு, நம்பர் பிளேட், கண்ணாடிச் சட்டம், மேலே பெயர்ப் பலகை. எல்லாவற்றையும் நான்கு விரல் அகலத்துக்குள் அடைத்தால் முதல் மாதம் போட்டோ போலத் தெரியும். மை தோலுக்குள் அப்படியே நிற்காது, வருஷம் போகப்போகக் கோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கும். இரண்டு கிரில் கம்பிக்கு நடுவில் உள்ள இடைவெளி மூடிக்கொள்ளும். பத்து வருஷத்தில் கிரில் இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம்தான் இருக்கும். நம்பர் பிளேட் எழுத்துகள் முதலில் போகும்.

ஆகவே ஒன்று, பெரிதாகப் போடுங்கள். கெண்டைக்கால் என்றால் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் உயரம். இல்லை, சின்னதாகத்தான் வேண்டும் என்றால் கிரில்லில் பத்துக் கம்பி இருந்தாலும் ஐந்துதான் வரைய வேண்டும். யாரும் எண்ணிப் பார்க்கப்போவதில்லை. மூக்கின் வளைவும் விளக்கு நிற்கும் இடமும் சரியாக விழுந்தால் அது 1210தான்.

கலர் வேண்டாம் என்பேன். நேஷனல் பெர்மிட் லாரிக்கான அந்தக் காய்ந்த இலைப் பழுப்பு நிறத்தை நம் தோலில் போட்டுவிட்டு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதுதான். வெள்ளை மை கொஞ்ச நாளில் மங்கி மஞ்சளடிக்கும். பளபளப்பு வேண்டிய இடத்தில் வெள்ளை போடாமல் தோலையே சும்மா விட்டுவிட்டால் அதுவே வெளிச்சமாகத் தெரியும். கறுப்பும் சாம்பலும் போதும். உங்களிடம் இருப்பதே கறுப்பு வெள்ளைப் போட்டோ என்பதால் இன்னும் பொருத்தம்.

செலவு பெரும்பாலும் சதுர அங்குலக் கணக்கில் சொல்வார்கள். ஒன்றுக்கு இரண்டு கடை விசாரியுங்கள். ஆனால் விலையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஆறிப்போன பழைய வேலைகளின் போட்டோவைக் கேளுங்கள். புதிதாகக் குத்திய அன்றைக்கு எடுத்த படத்தில் எல்லா வேலையும் அழகாகத்தான் இருக்கும்.

பட்டறைப்பேரன்:
இதை வரிக்கு வரி ஒத்துக்கொள்கிறேன், ஒன்றைத் தவிர. கிரில் கம்பியை எண்ண மாட்டார்கள் என்றீர்களே, நான் எண்ணுவேன். :)

டொராண்டோ_மாமா:
வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்போது கனடா. என்னோடு வேலை செய்கிற வெள்ளைக்காரர் ஒருவருக்கு மேல்கையில் செவர்லே 3100 பிக்கப் இருக்கிறது. 1947-லிருந்து 53 வரை வந்த அந்தக் குண்டு முகம், குறுக்கே ஐந்து கம்பி. அவரது தகப்பன் பண்ணையில் வைத்திருந்த வாகனமாம். குத்தி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றார். இப்போதும் தெளிவாகத்தான் தெரிகிறது. காரணம், ஐந்தே கம்பி, தடித்த கோடு, வேறு ஒன்றும் இல்லை. கீழே சின்ன எழுத்தில் ஒரு ஆண்டு எழுதியிருந்தாராம், அது இப்போது எறும்பு ஊர்வது மாதிரி இருக்கிறது. கோவை நண்பர் சொன்னதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இஞ்சை அந்த பிக்கப் வைத்திருக்கிறவர்கள் பலர் அதைப் புதுசு மாதிரித் தேய்த்து மினுக்கி வைத்திருப்பார்கள். உங்களுடையது இரும்புக்குப் போய்விட்டது என்று கேட்க மனது கஷ்டமாக இருக்கிறது தம்பி. எங்கட ஊர் பெட்போர்ட் லொறிகளுக்கும் அதே கதிதான்.

லேலண்ட்_வெறியன்:
பெட்போர்டு இங்கேயும் இருந்தது மாமா. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்தது. பம்பாயில் பிரீமியர்காரர்கள் பார்கோ, டாட்ஜ் செய்தார்கள். பார்கோ முகத்தைக் குத்திக்கொண்ட ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. யாராவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து கும்பிடுகிறேன்.

வேகத்தடை28:
ஆர்.சி. புத்தகம் கிடைத்துவிட்டது. கரையான் ஒரு மூலையைத் தின்றிருக்கிறது, ஆனால் முதல் பக்கம் தெளிவாக இருக்கிறது.

தயாரித்த ஆண்டு 1971.

மலைப்பாதை:
அப்படியானால் 'டி'தான் தம்பி. ஒப்பந்தம் முடிந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

வேகத்தடை28:
மூன்று தலைமுறையாக "எங்கள் பென்ஸ்" என்று பெருமை பேசிய குடும்பம். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

தார்ப்பாய்:
விடுங்கள் தம்பி, நட்சத்திரத்தையே போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கால், உங்கள் மை. வீட்டில் பென்ஸ் என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள், உங்கள் மனசில் இருக்கிற வண்டி அதுதான். எழுபதுகளில் வாங்கின வண்டிக்கு எங்கிருந்தோ நட்சத்திரம் வாங்கி மாட்டிய ஓனரை எங்கள் ஊரிலேயே தெரியும். அவர் செய்ததும் தப்பில்லை.

பட்டறைப்பேரன்:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாட்டிய நட்சத்திரத்தைக் கழற்றிவிடலாம், குத்தியதைக் கழற்ற முடியுமா? லேசர் என்பார்கள். அது ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை, பல தடவை போக வேண்டும், குத்துவதைவிட வலி, செலவும் அதிகம். இவர் அப்பாருவுக்காகப் போடுகிறார் என்றால் அவர் உண்மையில் ஓட்டின வண்டி இருக்கட்டும். 1971-ல் ஒரு லாரி வாங்குவது சாதாரண விஷயமா? அன்றைக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தவர்கள் இருக்கிறார்கள். 'டி' போட்ட வண்டி என்பதால் எந்தப் பெருமையும் குறையவில்லை. சொல்லப்போனால் வெளிநாட்டுக்காரன் போன பிறகு நம் ஆட்கள் சொந்தமாகச் செய்த வண்டி அது.

கேள்விக்குறி:
அந்த போட்டோவில் சின்னம் எப்படித் தெரிகிறது? அதைப் பார்த்தால் சண்டை முடிந்துவிடுமே.

வேகத்தடை28:
ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்தேன். ஆயுத பூஜை அன்றைக்கு எடுத்த படம். பானெட் முழுக்கச் சந்தனப் பொட்டு, இரண்டு பக்கமும் பம்பரில் வாழைக்கன்று கட்டியிருக்கிறார்கள். கிரில்லுக்கு நடுவில் பெரிய சாமந்தி மாலை தொங்குகிறது. சின்னம் மாலைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. ஒன்றுமே தெரியவில்லை! அப்பாரு மட்கார்டில் கையூன்றி நிற்கிறார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

ஊசியும்_மையும்:
தம்பி, பிறகு எதற்கு இத்தனை சண்டை? மாலையோடு வரையுங்கள்.

எனக்குத் தொழில் கண்ணில் அது நல்ல வடிவம். மாலை கிரில்லின் பாதியை மறைக்கும், அதனால் அந்த நெருக்கமான கம்பிகளும் குறையும். சாமந்தி உருண்டையான வடிவம், சாம்பல் நிழலில் நன்றாக நிற்கும், பத்து வருஷம் கழித்துக் கொஞ்சம் தடித்தாலும் பூவாகவே தெரியும். பக்கத்தில் வாழை இலை நீளமாக மேலே போனால் கெண்டைக்காலின் வடிவத்துக்கும் பொருந்தும். நட்சத்திரமா, 'டி'யா என்ற கேள்வியே வராது. ஜெர்மன்காரன் வண்டியில் சாமந்தி மாலை இருக்காது, ஆகவே எந்த ஊர் வண்டி என்றும் யாரும் கேட்க மாட்டார்கள்.

பட்டறைப்பேரன்:
இது நல்ல யோசனை. சந்தனப் பொட்டு மூன்றை பானெட்டில் விட்டுவிடாதீர்கள்.

பழைய_ஸ்டியரிங்:
சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வேண்டும். அதை நசுக்காமல் எந்த வண்டியும் ஆயுத பூஜையன்று நகராது.

வேகத்தடை28:
அப்பாரு உருவத்தையும் சேர்க்கலாமா?

ஊசியும்_மையும்:
வேண்டாம். அந்த அளவில் முகம் ஒரு விரல் நகம் அளவுதான் வரும். கண்ணும் மூக்கும் நாளடைவில் கலங்கி யாரோ ஒருவர் ஆகிவிடும். முகம் வேண்டுமென்றால் தனியாகப் பெரிதாகப் போட வேண்டும், அதுவும் உருவப்படம் வரைவதில் கைதேர்ந்தவரிடம். இதில் மட்கார்டில் ஊன்றின கையை மட்டும் வைக்கலாம், மணிக்கட்டு வரைக்கும். அது உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

நம்பர் பிளேட்டை எழுத வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். முன்பே சொன்னேன். மிகவும் ஆசையாக இருந்தால் பிளேட்டைப் படத்தில் காலியாக விட்டுவிட்டு, படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் தனியாகப் போடலாம்.

மலைப்பாதை:
போட்டால் பழைய நம்பரையே போடுங்கள், மூன்று ஆங்கில எழுத்தும் பின்னால் எண்களும். 'டிஎன் 28' போட்டுவிடாதீர்கள். அந்த மாதிரி நம்பர் 1989-க்கு அப்புறம்தான் வந்தது. நாமக்கல் தனி மாவட்டம் ஆனதே 1997-ல். உங்கள் வண்டி அன்றைக்குச் சேலம் மாவட்டத்து வண்டி.

வேகத்தடை28:
என் பெயரிலேயே 28 இருக்கிறது, நீங்கள் இதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அதைத்தான் போட்டிருப்பேன். பழைய நம்பர் ஆர்.சி.யில் இருக்கிறது, அதைப் பெரிதாகக் கீழே போடச் சொல்கிறேன்.

இரவு_ஷிப்ட்:
கெண்டைக்கால் என்று முடிவானதால் ஒன்று சொல்கிறேன். கோழிப்பண்ணையில் வேலை செய்கிறீர்கள். புண் ஆறும் வரை, குறைந்தது இரண்டு மூன்று வாரம், ஷெட்டுக்குள் போகும் வேலையை வேறு யாருக்காவது கொடுங்கள். எருத் தூசியும் ஈரமும் புதுப் புண்ணில் படவே கூடாது. கிணற்றில், வாய்க்காலில் குளியல் வேண்டாம். முதல் சில நாளுக்கு இறுக்கமான பேண்ட் வேண்டாம். லுங்கி கட்டினாலும் ஓரம் அங்கேயே உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொருக்கு உதிரும்போது அரிக்கும், சொறிந்தால் மையும் சேர்ந்து வந்துவிடும். சிவந்து, சூடாகி, சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ மஞ்சள் பூசிக்கொண்டு உட்காராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்பத்தா_பேத்தி:
மஞ்சள் என்றதும் ஞாபகம் வந்தது. எங்கள் அப்பத்தா கையில் கோலமும் தேளும் இருந்தன. ஊருக்கு வரும் குறத்தி குத்தியதாம். அகத்திக்கீரையும் மஞ்சளும் சேர்த்து எரித்த கரியில்தான் மை செய்வார்கள் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் பெண்களுக்குத் தேள், ஆண்களுக்கு இப்போது லாரி. நடக்கட்டும்.

இலவச ஆலோசனை: கல்யாணம் ஆகவில்லை என்றால் பெண் பார்க்கப் போகும்போது வேட்டியை மடித்துக் கட்ட வேண்டாம். இல்லை, மடித்தே கட்டுங்கள். லாரியைப் பார்த்து முகம் மலர்கிற பெண்ணாக இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

வேகத்தடை28:
அப்பாவிடம் நேற்று ராத்திரி சொல்லிவிட்டேன். 1971 என்றதும் கொஞ்ச நேரம் ஆர்.சி. புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அது பென்ஸ்தான்டா, புத்தகத்தில் தப்பா எழுதியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். பச்சை குத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஊசியும்_மையும் அண்ணா, உங்களிடமே வருகிறேன். தனிச் செய்தியில் போட்டோ அனுப்பியிருக்கிறேன். தீபாவளி கழிந்து முட்டை லோடு குறைந்ததும் தேதி சொல்கிறேன்.

ஊசியும்_மையும்:
போட்டோ பார்த்தேன். நல்ல படம். இடது விளக்கு நிழலில் இருக்கிறது, அதன் வளையம் எனக்குத் தெரியவில்லை. நேரில் வேறு ஒரு வண்டியைப் பார்த்தால்தான் சரியாக வரைய முடியும். யாருக்காவது ஓடுகிறதோ நிற்கிறதோ, ஒரு மூக்கு வண்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் இங்கே சொல்லுங்கள்.

பழைய_ஸ்டியரிங்:
ராசிபுரம் தாண்டி ஒரு சூளையில் ஒன்று நிற்கிறது. டயர் இல்லை, மூக்கு இருக்கிறது. தம்பி, உங்கள் நம்பரை அனுப்புங்கள், நானே கூட்டிப் போகிறேன். பானெட்டைத் திறந்து காட்டாமல் விடமாட்டேன்.

லேலண்ட்_வெறியன்:
பக்கத்தில் காமெட் ஏதாவது நின்றால் அதையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள் ஐயா. வலது கால் இன்னும் காலியாகத்தானே இருக்கிறது.